தேவபிச்சையின் வயலின் உமியாய்ப் போன விதம்

மாடக்கண்ணு கடையில் முதல் பாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறிய அன்றைக்கு மேஜைக்கு அடியில் ஒரு கைப்பிடி உமி விழுந்து கிடந்தது. எலி வேலையாக இருக்கும் என்று அவன் அதை விளக்குமாற்றால் தெருவில் தள்ளிவிட்டு அடுத்த பாட்டை ஏற்ற உட்கார்ந்தான், அது ஏறி முடிப்பதற்குள் இன்னொரு கைப்பிடி விழுந்தது, மூன்றாவது பாட்டு சோகப்பாட்டு என்பதால் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது, சாயங்காலம் கடை சாத்தும்போது கணுக்கால் மட்டும் உமி நின்றது, இனி ஒரு சாக்கு வாங்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதுவரைக்கும் பாவூர்சத்திரத்தில் மாடக்கண்ணு வைத்திருந்தது கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்க்காரன் இனிமேல் பாட்டெல்லாம் இதற்குள்தான் இருக்கப் போகிறது என்று தலையில் கட்டிவிட்ட பெட்டியைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான். பெட்டி முதலில் பாடவில்லை. தும்மிற்று, விக்கிற்று, பாட்டு ஓடும்போது மவுஸ் என்கிற எலியை அசைத்தால் பாடகருக்குத் திக்குவாய் வந்தது. அப்புறம் எந்த நாட்டிலோ படிப்பை முடிக்காத பையன்கள் சிலர் எழுதிச் சும்மா கொடுக்கிறார்கள் என்று ஒரு பிளேயரைப் பிளாப்பியில் வாங்கிவந்து போட்டான், அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு வாய் திறந்தது. உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு ஜன்னல், பச்சை நிறத்தில் ஓடுகிற எண்கள், பாட்டுக்குத் தக்கபடி குதிக்கிற வண்ணக் கம்பிகள். பாட்டுக் கேட்க வந்தவர்களைவிடக் கம்பி பார்க்க வந்தவர்கள் அதிகம். தவில்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கம்பி தாளத்துக்குக் குதிக்கவில்லை, தாளம்தான் கம்பிக்குப் பயந்து குதிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளேயருக்குச் சட்டை மாற்றலாம் என்று தெரிந்ததும் ஊர் இன்னும் கிட்டத்தில் வந்தது. மஞ்சள் சட்டை, கண்ணாடிச் சட்டை, மரப்பலகை போன்ற சட்டை. அம்மன் கோயில் கொடைக்குச் சிவப்பு போடச் சொன்னார்கள், சர்ச் பண்டிகைக்கு வெள்ளை போடச் சொன்னார்கள், இரண்டும் ஒரே வாரத்தில் வந்தபோது மாடக்கண்ணு காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் போட்டுச் சமாளித்தான். புது வெர்ஷன் வந்திருக்கிறது என்றால் பேரன் பிறந்த வீடு மாதிரி நாலு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கு முன்னதைப்போல இல்லை என்றார்கள்.

உமியும் அப்படித்தான் பழகிப்போயிற்று. நெல் உமி நிறம், ஆனால் அதைவிட மெல்லிசு. விரலிடுக்கில் எடுத்தால் ரீங்காரம் தெரியும். கோழிகள் அதைத் தின்றுவிட்டு முட்டையிடும்போது கொஞ்சம் ராகம் இழுத்துக் கொக்கரித்தன. தலையணையில் அடைத்துத் தூங்கியவர்கள் விடிந்து எழுந்து, ராத்திரி முழுக்க யாரோ பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தார்கள், பாடவே இல்லை என்று குறைப்பட்டார்கள். பக்திப்பாட்டு உமி காலில் மிதிபடக் கூடாது என்று தர்மகர்த்தா சொன்னார். எது பக்தி உமி எது டப்பாங்குத்து உமி என்று பிரித்துக் காட்டும், அப்புறம் பார்ப்போம் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதையெல்லாம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி தேவபிச்சையும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் தலையிலும் அந்த உமி விழும் என்று அவருக்குத் தெரியாது.

தேவபிச்சை சின்ன வயதில் மெட்ராசில் சினிமாப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர். முப்பது வயலின் உட்கார்கிற இடத்தில் கடைசி வரிசை. அவர் வாசித்ததில் ஓடப்பாட்டு ஒன்று. படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. தங்கபுஷ்பத்தைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்க, தேவபிச்சை பதில் சொல்லாமல் அந்த இசைத்தட்டைச் சுழல விட்டார். வந்திருந்த சொந்தம் முழுக்கக் காதைத் தீட்டியும் முப்பதில் ஒன்று யாருக்குப் பிடிபடும்? கதவுக்குப் பின்னால் நின்ற தங்கபுஷ்பம்தான், இரண்டாவது அடி முடிந்து பாடகி மூச்செடுக்கிற இடத்தில், அந்த மூச்சுக்கு அடியில் நூலாக ஓடுகிற ஒரு இழையைக் காட்டி, "இதுதானே அவங்க?" என்றாள். ஆமாம் என்றார் தேவபிச்சை. அந்த இடத்தில்தான் வாசித்திருந்தார், அதனால் ஆமாம்தான். கல்யாணம் முடிந்தது. மாமனாருக்குப் பிறகு கமிஷன் கடையைப் பார்க்க ஊரோடு வந்தாயிற்று, வயலின் பரணுக்குப் போயிற்று, ஆனால் ரேடியோவிலோ கேசட்டிலோ அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்காய் சூப்பிக்கொண்டிருந்தாலும், மூச்செடுக்கிற இடத்தில் தங்கபுஷ்பம் தலையைத் திருப்பாமல், "வந்துட்டீங்க" என்பாள். எவ்வளவு பெரிய சண்டையும் அந்த ஒரு சொல்லோடு தீர்ந்துபோகும். அந்த வீட்டில் குடித்தனம் நடந்ததே அதன் மேல்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாடக்கண்ணு கடை ஸ்பீக்கரில் ஓடப்பாட்டு ஓடிற்று. கத்திரிக்காய்ச் சிப்பத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கபுஷ்பம் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தாள். இரண்டாவது அடி முடிந்தது. மூச்செடுக்கிற இடம் வந்தது, போனது. தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள்.

"ஏங்க, நீங்க வரலயே."

"இந்தா இருக்கம்லாட்டி."

"இங்கன இருக்கீங்க. அங்கன வரலயே."

வீட்டுக்குப் போய்ப் பழைய கேசட்டைப் போட்டார்கள். அதிலும் வரவில்லை. இசைத்தட்டைத் துடைத்துப் போட்டார்கள். அதிலும் வரவில்லை. எத்தனை வாளி விட்டாலும் கிணறு ஒன்றுதானே. பாட்டிலிருந்து ஒரு இடத்தில் கொட்டியது எல்லா இடத்திலும் கொட்டிவிட்டது. பாடகி மூச்சே எடுக்காமல் அடுத்த அடிக்குத் தாவினாள், நடுவில் இருந்த இடம் தைத்து மூடியதுபோல் வழவழவென்று இருந்தது.

அன்றிலிருந்து தங்கபுஷ்பத்துக்குத் தன் வீட்டில் நடமாடுகிற ஆள் யார் என்பதில் ஒரு தடுமாற்றம் வந்துவிட்டது. கோபம் இல்லை, அழுகை இல்லை. விருந்தாளிக்கு எடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் அவருக்குக் காபி வந்தது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க" என்று சோறு வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வாசலைப் பார்த்தாள். இரண்டொரு நாளில் தேவபிச்சைக்கும் அது ஒட்டிக்கொண்டது. சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார், குளிக்கப் போகலாமா என்று கேட்டார், கண்ணாடியில் தன்னைப் பார்த்து, சர்ச்சில் அடுத்த ஆளுக்குச் சொல்வதுபோல ஸ்தோத்திரம் சொன்னார். மார்க்கெட்டில் யாராவது "தேவபிச்சை அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் அவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

இதற்கு மேல் தாங்காது என்று மாடக்கண்ணு கடைக்குப் போனார்.

"ஏடே மாடக்கண்ணு, என் வயலினை என்னடே செஞ்ச?"

"நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்? பாட்டு முழுசா ஏத்துனா பெட்டி கொள்ளாது. அதனால அது சுருக்கி ஏத்தும். காதுக்குக் கேக்கிறத வச்சுக்கிடும், கேக்காதத உதுத்திரும். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல சின்னச் சத்தம் இருந்துச்சுன்னா, சின்னது எப்படியும் நம்ம காதுல விழாதுல்லா, அதைத் தூக்கி வெளிய போட்டுரும்."

"என் வீட்டுக்காரிக்குக் கேட்டுச்சே!"

மாடக்கண்ணு கம்பிகளைப் பார்த்தான். கம்பிகள் குதித்துக்கொண்டிருந்தன.

"அதைச் செஞ்சவனுக்கு மைனி காதைப் பத்தித் தெரியாதுல்லா அண்ணாச்சி."

"உமியை எங்கடே?"

"அத ஏன் கேக்கீரு. சாக்குச் சாக்கா இசக்கியம்மா அள்ளிட்டுப் போனா. பல்லு விளக்கவான்னு கேட்டேன், உன் சோலியப் பாருன்னுட்டா."

இசக்கியம்மா தெருவில் பீடி சுற்றுகிற பொம்பளைகளுக்கெல்லாம் தலைவி மாதிரி. கம்பெனி இலையும் தூளும் எடை போட்டுக் கொடுக்கும், பீடியை எண்ணி வாங்கும். கொடுக்கிற தூள் எந்தக் காலத்திலும் பற்றாது, குறைகிற பீடிக்குச் சுற்றுகிறவள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படியிருக்க, தூள் நிறத்தில், தூள் நைசில், தெருவில் சும்மா கொட்டிக்கிடக்கிற சரக்கை எந்த இசக்கியம்மா விடுவாள்? சுளகில் போட்டுப் புடைத்து, தூளோடு சேர்த்துப் பிசறி, தெரு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தேவபிச்சை விஷயத்தைச் சொன்னதும் இசக்கியம்மா மடியிலிருந்த தட்டை இறக்காமலே, "ஓடப்பாட்டு உமி எதுலன்னு எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்? கலியாணச் சாம்பாரு மாதிரி எல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கிண்டுனோம்" என்றாள்.

"என் பொண்டாட்டிக்கு நான் யாருன்னு தெரியல இசக்கியம்மா."

"அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். தெருவே சிரித்தது.

இசக்கியம்மா சிரிக்கவில்லை. ஒரு பீடியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், உதறினாள், மூக்கில் வைத்தாள். "இதுல கெடந்து யாரோ சொறியுதாங்க. நீரா இருக்குமோ?" என்று நீட்டினாள். தேவபிச்சைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பீடியைப் பிரித்து உமியையும் தூளையும் தனித்தனியாக்க முடியாது. கொளுத்தினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அவரோ சர்ச் பாடகர் குழுவில் மூன்றாம் வரிசை, உதட்டில் புகை பட்டதில்லை. சபைக் குருவானவரிடம் போய் இது பாவமா என்று கேட்டார். குருவானவர், புகைப்பது பாவம், தொலைந்துபோனதைத் தேடுவது பாவமில்லை, இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார்.

கடைசியில் மார்க்கெட் லோடுமேன்கள்தான் கைகொடுத்தார்கள். "அண்ணாச்சி, ஊதுறதுக்கு ஆளா பஞ்சம்?" என்றான் பேச்சிமுத்து. மூட்டை தூக்குகிறவர்களில் அவன் மூத்தவன், காளைமாட்டு மூக்கு.

மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் இசக்கியம்மா ஆட்கள் பீடிக்கட்டுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பெனி செக்கர் சைக்கிளில் வந்து, என் பீடியை எதுக்குடி ஊதுறீங்க என்று குதித்தவன், ஒன்று வாங்கிப் பற்றவைத்து, மூக்கு வழியாகப் பத்துப் பொம்பளைகள் ஆ என்று ராகம் இழுப்பதைக் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டான். லோடுமேன்கள் வெங்காய மூட்டைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எதிரே, விருந்தாளியாய் வந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தங்கபுஷ்பம். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று நிச்சயமில்லாமல் தேவபிச்சை.

ஊதினார்கள். முதலில் வந்தது பாட்டு இல்லை, பாட்டின் ஓரங்கள்: சலங்கை அடித்த பிறகு மிஞ்சுகிற நடுக்கம், யாரோ நாற்காலியை நகர்த்தியது, தபேலாக்காரர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டது, பாடகர் எச்சில் விழுங்கியது, ஸ்டுடியோவுக்கு வெளியே எந்தக் காலத்திலோ கரைந்த ஒரு மெட்ராஸ் காக்காய். ஒவ்வொன்றும் புகையாக எழும்பி, தகரக்கூரையில் முட்டி, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. முருங்கைக்காய் வாங்க வந்த கேரளா லாரிக்காரர்கள், இதெந்தா என்று கேட்டார்கள். பாட்டிலிருந்து உதிர்ந்த உமி என்றதும், சரி என்று தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார்கள். பீடிக்குப் பீடி மூச்சுகளும் தேய்ப்புகளும் முனகல்களும் கூடிக்கொண்டே போய், கேட்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று ஒருவருக்கும் புரியாமல், மார்க்கெட்டே காதைப் பொத்துவதா தீட்டுவதா என்று குழம்பி நின்றது.

அப்போது பேச்சிமுத்து ஒரு கட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தான். ஆழமாக இழுத்தான். வாயை மூடிக்கொண்டு இரண்டு மூக்கு வழியாகவும் விட்டான்.

பாடகியின் மூச்சு வந்தது. ஓடப்பாட்டின் மூச்சு.

அதற்கு அடியில், வலது மூக்கிலிருந்து ஒரு இழையும் இடது மூக்கிலிருந்து ஒரு இழையுமாக இரண்டு வயலின் வந்தன. வலது இழை நூல் போல, எண்ணெய் தடவியது போல, எங்கும் தட்டாமல் போயிற்று. இடது இழை அதை ஒட்டியே போயிற்று, ஆனால் ஒரு கரகரப்போடு, தொண்டை கட்டியவன் சர்ச்சில் அடக்கிக்கொண்டு இருமுவது போல.

தன் இருமலை யாருக்குத் தெரியாது? இடது மூக்கில் வருவது தான்தான் என்று தேவபிச்சைக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் கண்ணாடியில் யாருக்கோ ஸ்தோத்திரம் சொன்னவருக்கு, உடம்பு முழுக்க ஆள் திரும்பி வந்து நிறைந்தது போல் இருந்தது. நான் இருந்திருக்கிறேன், வாசித்திருக்கிறேன், இதோ. வலது மூக்கு யார் என்பதும் தெரிந்தது. கோதண்டம். ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர், வயலின் துடைக்கிற துணியில் ஜவ்வாது தேய்த்துக்கொண்டு வருவார், வில் வைத்தால் வெண்ணெயில் வைத்தது போல இருக்கும்.

தேவபிச்சை தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

தங்கபுஷ்பம் எழுந்துவிட்டிருந்தாள். முகம் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் முகமாக இருந்தது. கையை நீட்டி, பேச்சிமுத்துவின் வலது மூக்கைக் காட்டினாள்.

"வந்துட்டீங்க" என்றாள்.

தேவபிச்சை பேச்சிமுத்துவின் மூக்கைப் பார்த்தார். பேச்சிமுத்து மூச்சை அடக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான். அவன் விடுகிற மட்டும்தான் அது, முடிந்தால் கூரையில் போய்க் கலந்துவிடும், பீடிக்கட்டில் வேறு மிச்சமில்லை. இல்லைட்டி, அந்தப் பக்கம், இடது பக்கம் என்று சொல்ல ஒரு சொல் போதும். சொன்னால் இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது யாரை, முருங்கைக்காய்க்கு நடுவே தலை திருப்பாமல் வரவேற்றது யாரை, இத்தனை சண்டை தீர்ந்தது யாரால் என்று ஒவ்வொன்றாக அவிழும். சொல்லாவிட்டால் தான் வந்தும் வராதவன். அவர் நின்ற இடத்தில் நின்றார், இரண்டு இழையும் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போயின.

தங்கபுஷ்பம் அவர் பக்கத்தில் வந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காதை இன்னும் சாய்த்தாள். நெற்றி சுருங்கிற்று.

"ஏங்க, உங்களுக்குப் பக்கத்துல ஒருத்தன் கெடந்து அறுக்கானே, யாரு அவன்?"

"அவனா?" என்றார் தேவபிச்சை. "நம்ம பக்கத்து ஆளுதான். ஒரே ஸ்டாண்டு."

"நல்லாவே வாசிக்கல. ஆனா விடாமப் பின்னாலயே வாரான், பாருங்க."

"ஆமா. விடமாட்டான்."

பேச்சிமுத்துவின் கன்னம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. வலது இழை முதலில் தீர்ந்தது. இடது இழை ஒரு நொடி தனியாக நின்றது.

"பாவம்" என்றாள் தங்கபுஷ்பம், கையை எடுக்காமல். "அவனுக்கும் ஒருத்தி இருப்பால்லா. அவ இவனக் கேட்டிருப்பாளா?"

"இப்ப கேட்டுக்கிட்டுத்தாம்ட்டி இருக்கா" என்றார் தேவபிச்சை.